பதினேழாம் தொகுதியை எடை போட்டவர்

டத்தோ கிராமாட், ஜோர்ஜ்டவுன்
12 ஜனவரி 2026

அன்புள்ள மிது,

ஜெர்மனியில் குளிர் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுத்தான் இந்த வருடத்தின் முதல் கடிதத்தைத் தொடங்க நினைத்திருந்தேன். அதற்கு இப்போது மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். காலுறை இரண்டு போட்டுக்கொள். போன வாரம் உன் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். உனக்கு இருமல் என்றார்.

வழக்கம்போல் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தயவுசெய்து போன் செய்யாதே. போனில் எனக்குப் பேச்சு வராது, நீ பேசி முடித்ததும் நான் "சரி" என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அப்படிச் சொல்ல விரும்பவில்லை.

இன்று காலை நம் நெறியாளர் டாக்டர் நோர்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "வாசி" என்றார். நீ அவருக்கு எழுதிய மின்னஞ்சல். நம் கட்டுரையில் உள்ள பொருளை அங்கே ஐந்து முறை செய்து பார்த்தாயாம். நூறு டிகிரி தாண்டியதும் ஐந்திலும் மின்சாரம் கசிந்துவிட்டதாம். நூற்றைம்பது டிகிரியிலும் நூறு பங்கு கொடுத்தால் தொண்ணூற்று மூன்று பங்கு திரும்ப வரும் என்று நாம் எழுதியது அங்கே வரவில்லையாம். இதுவரை சரி. அளவு வராவிட்டால் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த பத்தியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பினாங்கில் மாதிரிகளைத் தயாரித்த மாணவி அனுபவம் குறைந்தவர், எடை போடும்போதோ பெயரிடும்போதோ தவறு நடந்திருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறாய். மிது, அந்த மாணவிக்குப் பெயர் இல்லையா? நான்கு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். லாக் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் துண்டு துண்டாக எழுதி, பக்கத்து மேசை ஃபிக்ரியின் சட்டை முதல் கேண்டீன் மீன் வரைக்கும் கேலி செய்து சிரித்திருக்கிறோம். என்னிடம் ஒரு வரி கேட்டிருக்கலாம்.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியாதா? தராசில் நான்காவது தசமம் அசையாமல் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். மூடுகுவளைக்குள் வில்லைகளை அதே பொருளின் தூளால் புதைத்துத்தான் உலையில் வைப்பேன், இல்லையென்றால் அதிலுள்ள பிஸ்மத் உலோகம் ஆவியாகிப் போய்விடும். ஒவ்வொரு மூடியிலும் பென்சிலால் எண் போட்டுவிட்டுத்தான் கையுறையைக் கழற்றுவேன். பதினான்கு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வில்லைகள். ஒன்றுகூட இடம் மாறியதில்லை.

நீ ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இது எதற்கு என்று அம்மா கேட்டார். நீதான் அழகாகச் சொன்னாய்: "ஆன்ட்டி, மின்சாரக் கார்ல மோட்டார் பக்கத்துல இருக்கிற சின்ன வில்லை இது. கரண்ட்டப் பிடிச்சு வச்சுக்கிட்டு, கேட்ட உடனே குறையாமத் திருப்பிக் கொடுக்கணும். சூட்டுல மறந்துடக் கூடாது." அதற்கு அம்மா, "அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு செஞ்சு குடும்மா" என்றார். அப்பாவே சிரித்தார். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நீ இப்படி எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். டாக்டர் நோர்மா ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். என்ன நடந்தது என்று நான் எழுதித் தர வேண்டும். என்ன எழுதுவது? நீயே சொல்.

யமுனா


ஜெர்மனி
15 ஜனவரி 2026

என் யமுனாவுக்கு,

நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. மின்னஞ்சல் அப்படித்தான் எழுத வேண்டும், பெயர் போடாமல். அது அலுவலக முறை. உன்னைக் குறைத்துச் சொல்ல எழுதவில்லை. உன் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா? என் பங்குக்கு உலையை ஏற்றி இறக்கியதும் நீதானே.

ஆனால் நான் இங்கே எந்த நிலையில் இருக்கிறேன் என்று கொஞ்சம் யோசித்துப் பார். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு இந்த இடம் கிடைத்தது. மூன்று வருட உதவித்தொகை. பேராசிரியர் வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "உங்கள் பினாங்கு வில்லை இங்கே மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். ஐந்து முறை செய்துவிட்டேன். தூளை இருநூறு டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, புத்தகத்தில் உள்ளபடி செய்துவிட்டேன். வரவில்லை.

நம்மிடம் நன்றாக வந்ததெல்லாம் பதினேழாம் தொகுதி வில்லைகள் மட்டும்தான், கவனித்தாயா? மற்றவை சுமார். அதனால்தான் பெயர் மாறியிருக்குமோ என்று நினைத்தேன். அந்தத் தொகுதி உன் கையெழுத்தில் இருக்கிறது.

நான் ஒரு வழி சொல்கிறேன். மூடிகள் மாறியிருக்க வாய்ப்பு உண்டு என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. மாதிரிக் கடிதம் இணைத்திருக்கிறேன். கட்டுரையில் சின்னத் திருத்தம் வரும், அவ்வளவுதான். மாணவர்கள் தவறு செய்வது சகஜம், உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இங்கே மூச்சு விட இடம் கிடைக்கும்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். இருமல் குறைந்துவிட்டது.

உன் மிது


டத்தோ கிராமாட்
19 ஜனவரி 2026

மிது,

உன் மாதிரிக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நல்ல ஆங்கிலம். எனக்கு அப்படி எழுத வராது. "கவனக்குறைவு" என்பதற்கு நீ போட்டிருக்கும் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள அகராதியைப் பார்த்தேன். என்னைப் பற்றிய ஒரு சொல்லை நான் அகராதியில் தேட வேண்டியிருந்தது.

மாணவர்கள் தவறு செய்வது சகஜம் என்கிறாய். உனக்குச் சகஜமாக இருக்கலாம். உங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே படித்தவர்கள். நீ ஒன்றைத் தவறவிட்டால் அது ஒரு தவறு. நான் தவறவிட்டால், இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். இத்தனை நாள் இதை உன்னிடம் சொன்னதில்லை. உன் மனம் வருந்தும் என்று நினைத்தேன்.

ஒரு விஷயத்துக்கு உனக்கு நன்றி. பதினேழைக் கவனித்தாயா என்று கேட்டாய். நான் கவனிக்கவில்லை. இன்று காலை முதல் ஆளாகக் கெலுகோர் லேப்புக்குப் போய், லேப் உதவியாளர் இர்வானிடம் பழைய லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பதினேழாம் தொகுதி. எடை போட்ட நாள் 11 பிப்ரவரி 2025. எடை போட்டவர், யமுனா. என் கையெழுத்துதான்.

அது என்ன நாள் என்று தெரிகிறதா? போன வருடத் தைப்பூசம்.

அன்று நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்று பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார். விடியற்காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தோம். நீதான் முந்தின நாள் சொன்னாய்: "நீ போடி. உலை முறை புதன்கிழமைதானே? மூணு வாரம் காத்திருந்து கிடைச்சது, விட்டுடாத. நானே எடை போட்டு வச்சிடறேன்லா. எங்க வீட்டுல யாரும் கூட்டத்துக்குப் போறதில்ல."

மறுநாள் வெறுங்காலில் நடந்த கொப்புளங்களோடு லேப்புக்கு வந்தேன். தூள் தயாராக இருந்தது. லாக் புத்தகத்தில் பெயர் மட்டும் எழுதாமல் இருந்தது. உலை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் எடை போட வேண்டும், மாறினால் முறை போய்விடும் என்பது விதி. "நீயே போட்டுடு, உன் தொகுதிதானே," என்றாய். போட்டேன். நீ எனக்குச் செய்த உதவி அது. அதில் தப்பு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆக, அந்தத் தொகுதியில் அனுபவம் குறைந்த கை யாருடையது மிது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று வில்லைக்குச் சோடியம் தரும் தூளை, அந்தச் சோடியம் கார்பனேட்டை, உலர்த்தினாயா? அந்த வாரம் முழுக்க லேப்பின் ஒரே ஓவனில் ஃபிக்ரியின் பிளாஸ்டிக் தாள்கள் அறுபது டிகிரியில் இருந்தன. அதுவும் லாக் புத்தகத்தில் இருக்கிறது. இருநூறு டிகிரிக்கு நீ எங்கே போனாய்?

யமுனா


ஜெர்மனி
22 ஜனவரி 2026

யமுனா,

ஒரு வருடத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் எந்தப் புட்டியிலிருந்து எதை எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. உனக்காகப் போய்ச் செய்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு இதுதான் பதில் என்றால், சரி.

ஒரு தோழியாகச் சொல்கிறேன், கேள். இதைக் கிளறாதே. அன்று லேப்பில் இல்லை என்று நீ சொன்னால், செய்யாத வேலைக்கு நீ கையெழுத்துப் போட்டாய் என்றுதான் அர்த்தம். மூடி மாறியது சின்னத் தவறு. பொய்க் கையெழுத்து அப்படியில்லை. மார்ச் மாதம் ஆய்வேடு கொடுக்க வேண்டியவள் நீ. உன் அம்மா பால்குடம் எடுத்தது இதற்காகவா?

அந்த இரண்டு வரியைக் கொடுத்துவிடு. நாம் பழையபடி இருப்போம்.

மிதுஷா


டத்தோ கிராமாட்
16 பிப்ரவரி 2026

மிதுஷா,

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் எழுத்து கோணுகிறது. கோபம் அடங்கியதும் எழுதலாம் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

என் அம்மாவின் பால்குடத்தை எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தாய். உன் கடிதத்தை அன்று இரவே அப்பா அம்மா இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். பிறையில் வேலை முடிந்து வந்த அப்பா மோட்டார் சைக்கிள் சாவியைக்கூட ஆணியில் மாட்டாமல் கையில் பிடித்தபடியே கேட்டார். அம்மாதான், "நான் நேர்ந்துகிட்டது நீ படிச்சு முடிக்கணும்னு. பொய் சொல்லி முடிக்கணும்னு நேர்ந்துக்கல," என்றார். பிறகு, "லேட்டானா இன்னொரு தடவை தூக்குறேன். இந்தத் தடவை ஒழுங்கா லீவு போட்டுட்டு வா," என்றார். இந்த மாதம் முதல் தேதி தூக்கியும் விட்டார். நானும் உடன் நடந்தேன். அன்று எந்தத் தராசிலும் என் பெயரில் யாரும் எடை போடவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன்.

ஜனவரி 23. டாக்டர் நோர்மாவிடம் கூடுதல் நாள் கேட்டு வாங்கியிருந்தேன். இர்வானைச் சாட்சியாக நிற்க வைத்துக்கொண்டு, பொதுப் புட்டியிலிருந்து சோடியம் கார்பனேட் பத்து கிராம் எடுத்தேன். இருநூறு டிகிரியில் ஓர் இரவு உலர்த்தினேன். மறுநாள் தராசு 9.6180 காட்டியது. மீதி எல்லாம் தண்ணீர், மிதுஷா. நம் ஊர்க் காற்று. புட்டியைத் திறந்து மூடும் நேரத்துக்குள் குடித்துவிடுகிறது. இர்வான் எட்டிப் பார்த்து, இவ்வளவு நாளும் இந்தப் பல்கலைக்கழகம் மழையையா எடை போட்டது என்று கேட்டார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

நீ அன்று உலர்த்தவில்லை. உலர்த்தாமல் பத்து கிராம் என்று எடுத்ததில் சோடியம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைவாகப் போயிருக்கிறது. அதைச் சோதிக்க இரண்டு தொகுதி செய்தேன். ஒன்று முறைப்படி உலர்த்தியது, மற்றது புட்டியிலிருந்து அப்படியே. அரைத்து, அழுத்தி, புதைத்து, சுட்டு, வெள்ளிப் பூச்சு போட்டு முடிக்கப் பதினைந்து நாள்.

உலர்த்தியது நூற்றுப் பத்து டிகிரியில் கசிந்தது. உன்னுடையதைப் போலவே.

உலர்த்தாதது நூற்றைம்பதில் நின்றது. நூற்று எண்பதுக்கு ஏற்றினேன், நின்றது. தொண்ணூற்று இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆறு வில்லைகளில் ஆறும். வில்லைகளைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியின் முன் ஆறு எண்களையும் இரண்டாம் முறை சரிபார்த்தேன்.

ஆக, நம் கட்டுரை பொய்யில்லை. அதில் எழுதிய செய்முறைதான் பொய். நாம் கண்டுபிடித்ததாக எழுதிய பொருளை நாம் செய்யவே இல்லை. வேறொன்றைச் செய்திருக்கிறோம். சோடியம் சற்றுக் குறைந்த அந்தப் பொருள்தான் சூட்டைத் தாங்குகிறது. உன் தவறுதான் வேலை செய்திருக்கிறது. நினைவில்லை என்று நீ ஒதுக்கிய அந்த ஒரு நாள்தான் நம் கட்டுரையில் உள்ள ஒரே நல்ல நாள்.

இனி செய்முறை இதுதான். தூளை நன்றாக உலர்த்து. பிறகு கணக்கில் வரும் சோடியத்திலிருந்து நூற்றுக்கு நான்கு குறைத்து எடை போடு. அங்கேயும் வரும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு உன்னிடம் பேரம் பேசலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக வெட்கப்படுகிறேன். எடுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் நோர்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்களைப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது. கையெழுத்து பற்றிய பத்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். முடிவு நல்லதாக வந்ததால் செய்தது சரியாகிவிடாது என்றார். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கும். ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போகிறது. சரி என்றேன். இந்த முறை அந்தச் சொல்லை மனதாரச் சொன்னேன். கட்டுரையை இதழிடம் சொல்லித் திருத்த வேண்டும் என்றும் அவரே சொன்னார். தன் பெயரும் அதில் இருக்கிறதே, தானும் பதினேழாம் தொகுதியைக் கேள்வி கேட்கவில்லையே என்றார். அதை அவர் என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. லாக் புத்தகத்தில் தவறை அழிக்கக் கூடாது, உனக்கே தெரியும். கீழே உள்ளது தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். பதினேழாம் வரியில் என் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டேன். உன் பெயரை எழுதப் பேனாவை வைத்தபோது டாக்டர் நோர்மா தடுத்தார். "எடை போட்டவர்தான் எழுத வேண்டும், நீ ஒருமுறை அடுத்தவருக்காக எழுதியது போதாதா?" என்றார்.

அந்த இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தின் நகலைத் தபாலில் அனுப்புகிறேன். படமாக எடுத்து அனுப்பினால் செல்லாது, அசல் கையெழுத்து வேண்டும். நீல மையில் போடு. கறுப்பாக இருந்தால் நகலா அசலா என்று தெரியவில்லை என்று இர்வான் திருப்பி அனுப்பிவிடுவார்.

நீ போடாவிட்டால் திருத்தத்தில் "எடை போட்டவர் உறுதி செய்யவில்லை" என்று போகும். வேறு எதுவும் நடக்காது. உன் பேராசிரியருக்கு நான் எழுத மாட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

நாளை சீனப் புத்தாண்டுப் பெருநாள். உலையை அணைத்துவிட்டார்கள். லேப் அமைதியாக இருக்கிறது.

யமுனா


கெலுகோர்
27 மார்ச் 2026

மிதுஷா,

உன் உறை நேற்று வந்தது. லேப்பில் வைத்தே பிரித்தேன். பக்கம் இருந்தது. உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கடிதம் இல்லை.

பதினேழாம் வரியில் உன் முழுப் பெயர், நீல மை, தேதி. அதற்கு அப்பால், யாரும் எதுவும் எழுதாத குறிப்புக் கட்டத்தில், பழைய பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறாய்: "ஓவன் கிடைக்கவில்லை. உலர்த்தவில்லை. அவளுக்குத் தெரியாது."

இர்வான் அது என்ன என்று கேட்டார். டாக்டர் நோர்மாவும் கேட்டார். மலாயில் சொன்னேன். ஆங்கிலத்தில் பக்கத்தில் எழுதி வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவர் எழுதியபடியே இருக்கட்டும் என்று டாக்டர் நோர்மா சொல்லிவிட்டு, பக்கத்தை லாக் புத்தகத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

ஆக, உனக்கு நினைவிருந்திருக்கிறது. ஜனவரியிலும் நினைவிருந்திருக்கிறது.

கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்க் கையெழுத்து. அந்த மூன்றாவது வாக்கியத்தை யாரும் உன்னிடம் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதழ் திருத்தத்தைப் போன வாரமே ஏற்றுவிட்டது; எடை போட்டவர் பற்றிய வரி மட்டும் இன்று போகிறது. உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக, எப்போதும் போல. செய்முறையில் நூற்றுக்கு நான்கு என்று வந்திருக்கிறது.

இர்வான் நோன்புப் பெருநாள் பலகாரம் கொண்டுவந்தார். உன் பங்கு என்று ஒரு டப்பாவை வழக்கம்போல எடுத்து வைத்துவிட்டார். நீ இங்கே இல்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் அதைத் திறக்கவில்லை. உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை அடுத்த தொகுதி, முப்பத்து நான்கு. தூள் இப்போது ஓவனில் இருக்கிறது. எடை நான்தான் போடுகிறேன்.

யமுனா